முள் இல்லாத எழுத்து

இரண்டாவது தடவையும் பெட்டி சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

‘எழுத்துரு: சிட்டு. மனிதக் கை அல்ல’ என்று அதன் திரையில் வரி ஓடியது. தனசேகர் தாளை உருவி மேஜையின் இந்தப் பக்கமாகத் தள்ளினார். சிவகாசிக் கைப்பதிவு அலுவலகத்தில் மனு வாங்குகிற அதிகாரி அவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் முடியாது என்று சொல்லும்போது வாய் திறந்து திட்டவும் முடியாது, அதுதான் பெரிய தொல்லை.

“ப்ரிண்ட் எடுத்தத பெட்டி ஏத்துக்காதும்மா. கையால எழுதிக் குடுங்க.”

“சார், ஒங்க கண்ணு முன்னாடி உக்காந்துதான எழுதுனேன்? ஒங்க பேனாதான? மை இன்னும் காயல, தொட்டுப் பாருங்க.”

தனசேகர் தொட்டுப் பார்த்தார். விரலில் நீலம் ஒட்டியது. அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, “நான் பாத்ததுக்கெல்லாம் சட்டத்துல எடமில்லம்மா. பெட்டி பாத்தாத்தான் பாத்ததா கணக்கு” என்றார்.

பொற்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் அவளுடைய தெருவின் ஊரணி போச்சு.

எந்தக் குரலையும் எந்த முகத்தையும் இயந்திரமே செய்துவிடும் என்று ஆன பிறகு வந்த சட்டம் இது. ஃபோனில் பேசினது செல்லாது, வீடியோவில் அழுதது செல்லாது, தட்டச்சு செய்தது செல்லவே செல்லாது. மனு என்றால் மனுஷன் தன் கையால் தாளில் எழுத வேண்டும். எழுதியது கைதானா என்று பெட்டி பார்த்துச் சொல்லும். கேட்பதற்கு நியாயமான சட்டம்தான். எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் இருந்தது, பொற்கொடி ஒருத்தியைத் தவிர.

பின்னால் பெஞ்சில் முத்துக்கனி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி, பட்டாசு ஆலையில் திரி கட்டுகிறவள், பொற்கொடிக்கு மதினி முறை. மடியில் ஒயர் கூடை. அதற்குள் தண்ணீர் பாட்டிலும் முறுக்கும்.

“என்னாங்குது அந்தப் பெட்டி?” என்றாள்.

“நான் மனுசி இல்லையாம் மதினி.”

“அத வந்து ஒங்கூட ஒரு நாள் பைப்படில நிக்கச் சொல்லு. தெரியும்.”

மருதங்கிணற்றுத் தெருவில் அறுபத்து மூன்று வீடு. தெருக்கோடியில் ஊரணி. அதை ஒட்டி மோட்டார் ரூம். எந்த நாள் எந்த வீட்டுக்குத் தண்ணீர் முறை என்று மோட்டார் ரூம் சுவரில் இருக்கும் பலகையில் பொற்கொடிதான் எழுதுவாள். பதினாறு வருஷமாக எழுதுகிறாள். சாய்ந்தும் சாயாமலும், ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தோடு தோளில் கை போட்டுக்கொண்டு போகிற எழுத்து அவளுடையது. பலகையில் அந்த எழுத்தில் ‘இன்று 12, 13, 14’ என்று இருந்தால் பதினைந்தாம் வீட்டுக்காரன் எவ்வளவு பெரிய சண்டியராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு குடத்தைத் திருப்பி எடுத்துப் போவான். மழை பெய்யாத வருஷத்திலும் அந்தத் தெருவில் குடம் உருண்டு சண்டை வந்ததில்லை.

போன மாதம் ஒரு நாள் அறுபத்து மூன்று வீட்டுக்கும் கடிதம் வந்தது. ஊரணியை மண் போட்டு மேவி அங்கே பெரிய குடோன் கட்ட ஒரு கம்பெனிக்கு ஆசை. ஊரணி தெருவுக்குப் பொதுச் சொத்து என்பதால் எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் நடக்காது. முப்பது நாள் மறுக்காமல் இருந்தால் அதுவும் சம்மதம்தான். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

இவ்வளவும் கடிதத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தில் இருந்தது இதுதான்: ‘நம்ம தெருவுக்கு இனிமே தண்ணிக் கவலை இல்லை! வீட்டுக்கு வீடு குழாய் வரப் போகுது. கீழே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்.’ ஓரத்தில் சிரிக்கிற பூ ஒன்று. எழுத்து, பொற்கொடியின் எழுத்து.

அவளுக்கும் அந்தக் கடிதம் வந்தது. பிரித்த வேகத்தில், இதை நாம் எப்போது எழுதினோம் என்றுதான் முதலில் யோசித்தாள். அப்புறம்தான் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினாள். அதற்குள் ஐம்பத்தெட்டு வீடு போட்டாகிவிட்டது. முதல் கையெழுத்து முத்துக்கனியுடையது.

“படிக்காமலா மதினி போட்டீக?”

“எதுக்குப் படிக்கணும்? ஒன் எழுத்துல்ல? நீ தண்ணி விசயத்துல என்னைக்குப் பொய் எழுதிருக்க?”

சாயங்காலத்துக்குள் மிச்சம் நாலு வீட்டிலும் போட்டுவிட்டார்கள். இவள் வேண்டாம் என்று கத்தக் கத்தத்தான் போட்டார்கள். ‘எழுதும்போது ஒண்ணு, இப்ப ஒண்ணா?’ என்று அவளையே கேட்டார்கள். மறுநாளிலிருந்து பலகையை யாரும் மதிக்கவில்லை. அவள் எழுதிவிட்டுத் திரும்பினால், “இது நீ எழுதுனதா, கம்பெனிக்காரன் எழுதுனதா?” என்று கேட்டார்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகக் குடம் உருண்டது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் பொற்கொடி.

எழுத்தை விற்றது அவள்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது? எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு லேபிள் அச்சகத்தில் டிசைனராக இருந்தாள். பலகையில் இருந்த எழுத்தை எவனோ படம் பிடித்துப் போட, அதைப் பார்த்துவிட்டு ஓர் எழுத்துருக் கம்பெனியிலிருந்து ரூபன் என்கிற பையன் தேடி வந்தான். “சும்மா கையால எழுதுன மாதிரி ஒரு எழுத்து வேணும்க்கா. டிசைன் பண்ண மாதிரியே தெரியக் கூடாது. ஒங்க எழுத்து அப்படியே வீட்டு ஆளு பேசுற மாதிரி இருக்கு.” இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொடுத்த பணத்தில் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழும்பியது.

மதுரையில் ஏசி ரூமில் பதினோரு நாள் உட்கார வைத்து எழுத வாங்கினார்கள். ஒவ்வோர் எழுத்தையும் பன்னிரண்டு விதமாக. அப்போதுதான் ஒரே வரியில் வருகிற இரண்டு ‘க’ ஒன்றுபோல இருக்காது, பார்க்கிறவனுக்கு இயந்திரம் என்று சந்தேகம் வராது. “சந்தோசமா எதையாச்சும் நெனச்சுக்கிட்டே எழுதுங்கக்கா” என்பான் ரூபன். ஆறாவது நாள் மட்டும் அவள் புருஷன் சௌந்தரபாண்டியோடு காலையிலேயே பெரிய சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்றைக்கு எழுதிய தாளையெல்லாம் ரூபன் குப்பைக்கூடையில் போட்டான். “இன்னைக்கு எழுத்துல முள்ளு இருக்குக்கா. நாளைக்கு வாங்க” என்று பஸ் ஏற்றிவிட்டான்.

அப்படிப் பிறந்ததுதான் சிட்டு. முதலில் ஊறுகாய்ப் பாட்டிலில் வந்தது. ‘அம்மா கைப்பக்குவம்’ என்று தன் எழுத்தைக் கடையில் பார்த்தபோது பொற்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை, தேவையில்லாமல் நாலு பாட்டில் வாங்கினாள். அப்புறம் இட்லி மாவு, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர். எங்கெல்லாம் மனுஷ வாடை அடித்தால் வியாபாரத்துக்கு நல்லதோ அங்கெல்லாம் சிட்டு போய் உட்கார்ந்தது. கடைசியில் அவள் தெருவுக்கே வந்து சேர்ந்தது.

கையெழுத்துப் போடாமல் மிச்சம் இருந்தது அவள் வீடு ஒன்றுதான். அவள் மறுத்தால் போதும், ஊரணி தப்பிக்கும். தபாலில் இரண்டு தடவை மனு அனுப்பினாள். இரண்டும் ‘இயந்திர எழுத்து’ என்று திரும்பி வந்தன. முப்பதாவது நாளான இன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டாள்.

“எடது கையால எழுதிப் பாரேன்” என்றாள் முத்துக்கனி.

எழுதினாள். கோழி கிளறினது மாதிரி வந்தது. பெட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு, ‘வலிந்து மாற்றிய எழுத்து. மோசடி முயற்சியாகக் கருத இடமுண்டு’ என்றது.

“அடிப் பாவி!” என்றாள் முத்துக்கனி பெட்டியைப் பார்த்து.

பொற்கொடி வெளி வராந்தாவுக்குப் போய் ரூபனுக்கு ஃபோன் போட்டாள். எட்டு வருஷத்தில் அவன் கம்பெனியில் மேலே மேலே போய்விட்டான். ஆனாலும் எடுத்தான்.

“அக்கா! எப்படி இருக்கீங்க? நம்ம சிட்டு எங்கயோ போயிடுச்சுக்கா!”

“எங்கயும் போகல தம்பி, எங்க தெருவுலதான் நிக்கிது” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“குடோன் கம்பெனி ஒங்கள மனசுல வச்சு எடுக்கலக்கா. அவங்களுக்கு ஒங்களத் தெரியவே தெரியாது. சிட்டுல எழுதுன கடிதம்னா நூத்துக்குத் தொண்ணூறு பேர் கையெழுத்து போடுறாங்க. வேற எழுத்துன்னா அம்பதுகூடத் தேறாது. அதான் எடுத்துருக்காங்க.”

“அந்தத் தொண்ணூறு பேரும் எங்க தெருவுலதான் இருக்காக.”

“புரியுதுக்கா.”

“அத விடு. நான் எழுதுனா ஏன் பெட்டி ஏத்துக்கிட மாட்டேங்குது? அத மட்டும் சொல்லு.”

ரூபன் கொஞ்சம் தயங்கினான். “பெட்டியும் எங்க கம்பெனிதான்க்கா. எழுத்துரு எப்படி இருக்கும்னு பெட்டிக்குச் சொல்லிக் குடுக்கணும்ல? மொத மொத சிட்டு வச்சுத்தான் சொல்லிக் குடுத்தோம். அந்தப் பன்னெண்டு வகைக்குள்ள எது வந்தாலும் அதுக்கு அது சிட்டுதான்.”

“என் கை மொத்தமும் அந்தப் பன்னெண்டுக்குள்ளதான தம்பி இருக்கு?”

“ஒப்பந்தத்துல அப்படித்தான்க்கா இருக்கு.”

“அப்ப நான் எதால எழுத?”

“கோவப்படாதீங்கக்கா. ஒங்க எழுத்துக்கு அழகே அந்த சாந்தம்தான்” என்றான் அவன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

உள்ளே வந்து நாலாவது தாளை வாங்கினாள். உட்கார்ந்து, ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம்’ என்று ஆரம்பித்தாள். மனு என்றால் பணிவாக, அழகாக, கோடு தாண்டாமல் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்றிவிட்ட புத்தி. வெள்ளைத் தாளைக் கண்டாலே அவள் கை பூப்போலத்தான் எழுதும். உள்ளே ஊரே எரிந்தாலும் மனு மட்டும் சிரித்துக்கொண்டு இருக்கும். நம் ஊரில் யாருடைய மனுதான் அப்படி இல்லை?

சிவப்பு விளக்கு.

“நாலு தடவை ஆச்சும்மா” என்றார் தனசேகர். “ஒரு நாளைக்கு நாலு தடவை திரும்புனா நிராகரிப்புச் சீட்டு தானா வந்துரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

பெட்டியின் வாயிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. தனசேகர் கிழித்துக் கொடுத்தார். பொற்கொடி வாங்கிப் படித்தாள்.

‘உங்க மனுவை இந்தத் தடவை ஏத்துக்க முடியலை. வருத்தப்படாதீங்க! உங்க சம்மதத்துக்கு நன்றி.’

ஓரத்தில் சிரிக்கிற பூ. எழுத்து, சிட்டு.

அவள் கையே அவளைப் பார்த்து முடியாது என்றது. அவள் கொடுக்காத சம்மதத்துக்கு அவள் எழுத்திலேயே நன்றி. அந்த ‘ந’வின் சுழி அவள் அம்மா கையைப் பிடித்து எழுதப் பழக்கியது. அந்த ‘றி’யின் வளைவை மட்டும் மேலே தூக்கி விடுவது அவளே கண்டுபிடித்த குசும்பு, பதினாலு வயதில். மதுரை ரூமில் எதை நினைத்துக்கொண்டு இந்த ‘றி’யை எழுதினோம் என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. மகன் முதன்முதலாகத் தத்தித் தத்தி நடந்ததை நினைத்து எழுதியது அது.

“சார்” என்றாள். குரல் மாறிவிட்டது. “பேனாவக் குடுங்க.”

“படிவம் தீந்துருச்சும்மா...”

“பேனாவக் குடுங்கன்னேன்!”

கொடுத்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே அந்தச் சீட்டைத் திருப்பி மேஜையில் அறைந்து வைத்து எழுதினாள். உயர்திருவும் இல்லை, ஐயாவும் இல்லை.

‘நான் பொற்கொடி. மருதங்கிணற்றுத் தெரு 41. ஊரணியைத் தர மாட்டேன். என் எழுத்தைக் காட்டி என் தெருவை ஏமாற்றினவன் எவனாக இருந்தாலும் தர மாட்டேன். நன்றி சொல்லாதே. நான் சம்மதிக்கவில்லை. இது என் கை. என் கை. என் கை.’

மூன்றாவது ‘கை’யில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேஜையில் இறங்கியது. எழுத்தெல்லாம் முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்து கிடந்தது. ஒன்றின் தோளிலும் ஒன்று கை போடவில்லை. முத்துக்கனி எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன புள்ள, ஒன் எழுத்து மாதிரியே இல்ல” என்றாள்.

தனசேகர் கிழிந்த சீட்டையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டு.

“படிவத்துலதான் எழுதணும்பீக” என்றாள் பொற்கொடி. மூச்சு வாங்கியது.

“கையால எழுதணும்னுதான்மா சட்டத்துல இருக்கு. எதுல எழுதணும்னு இல்ல. நாலு தடவைக்கு மேல வாங்கக் கூடாதுன்னும் இல்ல, சீட்டு வரும்னுதான் இருக்கு. சீட்டு வந்துருச்சு” என்றார் அவர். சுருங்கியிருந்த சீட்டை உள்ளங்கையால் நீவிப் பெட்டிக்குள் விட்டார்.

பெட்டி முனகியது. நிறுத்தியது. திரும்ப முனகியது. முத்துக்கனி ஒயர் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

‘மனிதக் கை. மறுப்பு பதிவு செய்யப்பட்டது.’

முத்துக்கனி போட்ட குலவையில் பக்கத்து அறையிலிருந்த ஊழியர்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். தனசேகர் அதட்டவில்லை. தாமும் சிரித்துவிடாமல் இருப்பதற்காகக் குனிந்து எதையோ தேடினார். பொற்கொடிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறாவது நாளும் குப்பைக்கூடைக்குப் போன தாளும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. வேண்டாம் என்று தூக்கிப் போட்டது மட்டும்தான் தன்னிடம் மிஞ்சியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குடோன் கம்பெனி வேறு ஊருக்குப் போனது. பலகை வேலையை அவள் ஒருத்தியே செய்வதில்லை என்று முடிவு செய்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தாள். முத்துக்கனி முறை வந்த அன்று ‘12’ என்பதை ‘21’ என்று எழுதிவைத்து ஒரே களேபரம். இருந்தாலும் இன்னார் எழுத்து என்று தெரிந்து திட்ட முடிந்ததால் எல்லாருக்கும் திருப்திதான். தெரு பழையபடி அவளோடு பேசியது.

இருபது நாள் கழித்து எழுத்துருக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்ததும் பொற்கொடி அப்படியே நின்றுவிட்டாள்.

எழுத்தெல்லாம் குப்புறச் சாய்ந்திருந்தது. ஒன்றின் தோளிலும் ஒன்று கை போடவில்லை.

‘கைப்பதிவுப் பெட்டியில் பதிவான தங்கள் புதிய எழுத்தைக் கண்டு வியந்தோம். “சீற்றம்” என்ற பெயரில் வெளியிட விரும்புகிறோம். போராட்டச் சுவரொட்டி, கட்சி நோட்டீஸ், காரச்சேவு பாக்கெட் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். மாதிரிக்கு இக்கடிதமே சான்று. மறுப்பு இருப்பின் முப்பது நாளுக்குள் கைப்படத் தெரிவிக்கவும்.’

பொற்கொடி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாள். ஊரணி நிறைந்து கிடந்தது, மகன் லீவுக்கு வந்திருந்தான், சௌந்தரபாண்டி மீன் வாங்கப் போயிருந்தார். ‘அன்புள்ள ரூபன் தம்பிக்கு, நலம். வேண்டாம் தம்பி. இது எனக்கே வேண்டும்’ என்று எழுதித் தபாலில் போட்டாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. உள்ளே அவள் கடிதமும் ஒரு சீட்டும்.

‘எழுத்துரு: சிட்டு. மனிதக் கை அல்ல. உங்க மறுப்பை இந்தத் தடவை ஏத்துக்க முடியலை. வருத்தப்படாதீங்க!’

முத்துக்கனி வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“சரி சொல்லு. என்ன சொன்னா ஒனக்குக் கோவம் வரும்? ஒன் புருசனச் சொல்லவா, ஒன் மீன் கொழம்பச் சொல்லவா?”

“சும்மா இருங்க மதினி” என்று சொல்லிவிட்டுப் பொற்கொடி பேனாவைத் தேடி எடுத்தாள். முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, கோபப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தாள்.

ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.